சுருட்டும் சொல்தா மீசையும்

“யாரு, எங்க மாமாவா? சுருட்டை விடப்போறாரா?” என்று தைரியநாதன் கோயில் வாசலில் நின்று உரக்கக் கேட்டான். “கடல்ல அலை நின்னாலும் நிக்கும். அவரு வாயில புகை நிக்காது!”

அன்றைக்கு விபூதிப் புதன். ஏசு உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு முந்தின நாற்பது நாள் தபசு தொடங்குகிற நாள். பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு வெளியே வந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

பிரகாசம் சிரிக்கவில்லை. அந்த மாமா அவர்தான். பஞ்சு மில்லில் தறி ஓட்டுகிறவர். ரெண்டு வார்த்தை பேசினால் நாலு இருமல் வரும். புகையை விடாவிட்டால் அடுத்த வருஷப் பாஸ்குத் திருநாளைப் பார்க்கமாட்டார் என்று ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கம்பவுண்டர் தமிழில் இன்னும் மோசமாகச் சொன்னார்.

அவர் மனைவி ரோசா சும்மா இருக்கவில்லை. காய்ந்த நெல்லிக்காய் கொடுத்தாள். ஓமத் தண்ணீர் கொடுத்தாள். அதிமதுரம் கொடுத்தாள். கிராம்பை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னாள். அழுதும் பார்த்தாள். பிரகாசம் கொடுத்ததையெல்லாம் மரியாதையாகச் சாப்பிட்டுவிட்டு, மேலே ஒரு சுருட்டு பிடித்தார். கிராம்பு வாசத்தோடு சுருட்டு தனி ருசி என்றார்.

இப்போது ரோசாவின் கூடப்பிறந்த தம்பி தைரியநாதனே ஊர் நடுவில் வைத்து மானத்தை வாங்கிவிட்டான்.

“விட்டுட்டா இன்னாடா பண்ணுவே?” என்றார் பிரகாசம்.

“பாஸ்கு வரைக்கும் நீங்க சுருட்டைத் தொடலைன்னா, இந்த மீசையை எடுத்துடறேன்.”

சிரிப்பு சட்டென்று நின்றது. தைரியநாதன் சைகோனில் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்துவிட்டு வந்தவன். மெழுகு போட்டு ரெண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை. தனக்குப் பெண் கிடைத்ததே அந்த மீசையால்தான் என்பான். அவன் பெண்டாட்டியும் அதை மறுத்ததில்லை.

பிரகாசம் அன்றைக்கே மடியிலிருந்த சுருட்டையெல்லாம் எடுத்துச் சாக்கடையில் போட்டார்.

அவர் குணம் அப்படி. ரோசாவின் பெரியப்பா வீட்டுக் கல்யாணப் பந்தியில் தன் இலைக்குப் பாயசம் வராமல் போனதற்காக, அந்த வீட்டில் இன்றுவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவர்.

மில் வாசலில் மற்றவர்கள் பற்றவைக்கும்போது நாக்கு நமநமக்கும். கை தானாக மடியைத் தடவும். அப்போது கோயில் வாசல் சிரிப்பு காதில் கேட்கும். உடனே ஒரு கிராம்பை எடுத்து, தைரியநாதன் என்று நினைத்துக் கடிப்பார். ஓமத் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்தார். நெல்லிக்காய் தீர்ந்தால் அவரே பெரிய மார்க்கெட்டுக்குப் போய் வாங்கி வந்தார்.

“பாவங்க, வாய்த்துடுக்கு அவனுக்கு. மன்னிச்சுடுங்க” என்றாள் ரோசா.

“மன்னிக்கிறதா? பாஸ்கு வரட்டும்.”

ரோசா இன்னொரு சொம்பு ஓமத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

தபசு காலம் முடிவதற்குள் இருமல் இறங்கிவிட்டது. நெஞ்சு சத்தமில்லாமல் மூச்சு விட்டது. அதையெல்லாம் பிரகாசம் கவனிக்கவில்லை. அவர் நினைப்பு முழுக்க மீசையில் இருந்தது.

பாஸ்கு ஞாயிறு காலையில் பூசை முடிந்ததும், கோயில் வாசலுக்கு நாவிதர் கொளஞ்சியைக் கையோடு அழைத்து வந்தார்.

“உக்காருடா.”

தைரியநாதன் உட்கார்ந்தான். ரெண்டு இழுப்பில் சைகோன் மீசை மண்ணில் விழுந்தது. முகம் உரித்த பனங்கிழங்கு மாதிரி ஆகிவிட்டது. அவன் பெண்டாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். ஊரே சிரித்தது.

பிரகாசமும் சிரித்தார். கொஞ்ச நேரம்தான். பிறகு மனசுக்குள் எதையோ தேடினார். காணோம். இத்தனை நாள் சுமந்த கோபம் இறங்கிப்போய், உள்ளே வெறிச்சென்று இருந்தது.

கால் தானாகக் கோயிலுக்கு எதிரே இருந்த பெட்டிக்கடைக்குப் போனது.

“தபசும் முடிஞ்சுது, பந்தயமும் முடிஞ்சுது. ஒண்ணே ஒண்ணு” என்று சொல்லி ஒரு சுருட்டு வாங்கினார். நுனியைக் கடித்துத் துப்பினார். கடையில் புகைந்துகொண்டு தொங்கிய நெருப்புக் கயிற்றைக் கையில் பிடித்தார்.

“பாத்தீங்களா!” என்று பின்னாலிருந்து தைரியநாதன் குரல் வந்தது. “நோம்பு கஞ்சி குடிச்ச வாய் இன்னும் காயலை, அதுக்குள்ள மாமா கடைக்கு வந்துட்டாரு! கிறிஸ்மஸ் வரைக்கும் தாங்குவாரா? தாங்கினா நான் தலையை மொட்டையடிச்சுக்கறேன்!”

கடையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

பிரகாசத்தின் முகம் சிவந்தது. சுருட்டை ரெண்டாக ஒடித்து அவன் காலடியில் எறிந்தார்.

“கொளஞ்சி! கத்தியைத் தீட்டி வை. கிறிஸ்மஸுக்கு வேலை இருக்குது!”

அவர் விறுவிறுவென்று தெருக்கோடி வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தார். மூச்சு வாங்கவில்லை.

அவர் மறைந்த பிறகு தைரியநாதன், கடை ஓரம் நின்றிருந்த ரோசாவிடம் வந்து வெறும் உதட்டைத் தடவிக்கொண்டான்.

“நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே ஊர் முன்னாடி பேசினேன். மீசையைப் பந்தயம் வைடான்னே, வச்சேன். தலையும் போயிடுச்சுன்னா அடுத்தது எதைக்கா வைக்கிறது?”

“நீ இன்னும் எத்தைத்தான்டா வைப்பே, பாவம்” என்று ரோசா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அடுத்தது பெரியப்பாவை வரச் சொல்லியிருக்கேன். அந்தப் பாயசப் பேச்சை எடுத்து, உன்னால புகையை விடமுடியாதுன்னு அவரு சொன்னார்னா, இவரு சாகிற வரைக்கும் சுருட்டைத் தொடமாட்டாரு.”