ஒரு முழு நிமிஷம்

"வர்ற செவ்வாக்கிழமை பெரிய டாக்டரை ஒரு முழு நிமிஷம் வாய் திறக்காம நிக்க வைக்கேன்" என்றார் அருமைநாயகம். மின்வாரியத்தில் ஓய்வு பெற்று, மனநல ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சார்பாகப் பேச வருபவர்.

நர்ஸ் பிலோமினா சிரித்தாள். "அவரு தூக்கத்துலயும் ரவுண்ட்ஸ் போறவரு, அண்ணாச்சி."

அந்த வார்டில் இருந்த பூக்காரி சந்தனமாரிக்கு மாத்திரையால் கை நடுங்கியது, பூக்கட்ட முடியவில்லை. பேச்சும் மெல்லத்தான் வரும். ஏழு வாரமாக, "எப்படிம்மா இருக்கே?" என்று டாக்டர் கேட்டதும், அவள் உதடு பிரிவதற்குள் அவளுடைய அண்ணன், "நல்லா இருக்கா சார்" என்றுவிடுவான். அருமைநாயகம் எடுத்துச் சொன்னால், "பார்ப்போம்" என்று டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். ஊரெல்லாம் கதை அளந்துவிடுகிற அருமைநாயகம், அவள் சொன்னதற்கு மேல் ஒரு சொல்கூடச் சேர்க்கக் கூடாத இந்த வேலையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவளே சொன்னாள்: "நீங்க சொல்லாண்டாம். நான் சொல்லி முடிக்க வரைக்கும் அவரை நிக்கச் சொல்லுங்க."

செவ்வாய்க்கிழமை அண்ணன் வாயெடுத்ததும் அருமைநாயகம் குறுக்கே கையை நீட்டினார். "அவங்ககிட்டதான கேட்டீங்க, சார். பதில் வந்துகிட்டு இருக்கு."

டாக்டரின் பேனா அந்தரத்தில் நின்றது. மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது.

"பாதி மாத்திரை... போதும் சார். பூக்கட்டணும்."

"பார்ப்போம்" என்று டாக்டர் நகர்ந்தார். ஜில்லாவின் மின்கம்பங்களையெல்லாம் வேரோடு பிடுங்கி எறியலாம் போலிருந்தது அருமைநாயகத்துக்கு.

பிலோமினா சந்தனமாரியின் சொற்களை நேரம் போட்டு வார்டு நோட்டில் அப்படியே எழுதினாள்.

"நின்னாருதான், அண்ணாச்சி" என்றாள் நிமிராமல். "வாட்ச்சைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒண்ணேகால் நிமிஷம்."