அப்பன் ரத்தம்

“யாரும் ரத்தம் குடுக்க வேணாம். நானும் குடுக்க மாட்டேன், இவளும் குடுக்க மாட்டா.”

அம்மா சொன்ன வேகத்தில் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. இத்தனை வருஷமாக வாய்க்கு வாய் ‘ரத்தம், ரத்தம்’ என்று சொல்லி வந்தவளே அம்மாதான்.

மாடி வார்டில் அண்ணன் காலில் கட்டோடு படுத்திருந்தான். குடித்துவிட்டு பேக்கரி வேனை ஓட்டிப்போய்ப் பள்ளிக்கூடச் சுவரில் மோதியிருந்தான். விடுமுறை நாளாக இருந்ததால் ஊர்ப் பிள்ளைகள் பிழைத்தார்கள். அவனுக்கு இந்த வேலையும் போயிற்று.

“கட்டாயம் ஒண்ணும் இல்லம்மா,” என்றார் டாக்டர். அந்தப் பெண் டாக்டர் பொறுமைசாலி. “சில குடும்பங்கள்ல குடியும் மனச்சோர்வும் கைகோத்துக்கிட்டு வருது. விதை ஒண்ணா இருந்தாலும், ஒருத்தர்கிட்ட குடியா முளைக்குது, இன்னொருத்தர்கிட்ட படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாத சோர்வா முளைக்குது. ஆம்பளைங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் அது வேற வேற மாதிரி வருதான்னுதான் இங்க ஆராய்ச்சி பண்றோம். உங்க பையன் காலையிலயே ரத்தம் குடுத்துட்டார். ஆமா, உங்க வீட்டுக்காரர் எப்படி?”

“குடிச்சே போய்ச் சேர்ந்தார். குடிக்காத நாள்ல சுவரைப் பாத்து உக்காந்திருப்பார். கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்.”

மகளுக்குச் சுருக்கென்றது. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் அவள். சில வாரங்கள் முழுக்க அவளுக்குக் கட்டிலை விட்டுக் காலைக் கீழே வைக்க முடியாது. யார் கூப்பிட்டாலும் எங்கோ தொலைவில் கேட்கும்.

“நீங்க எப்படி இருக்கீங்க?” டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “அவளுக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கா. கொஞ்சம் சோம்பல், அவ்வளவுதான்.”

அறையை விட்டு வெளியே வந்ததும் அவள் அம்மாவை வழிமறித்தாள். நடைபாதையில் ஒரு ஆயா தரை துடைத்துக்கொண்டிருந்தாள். ஆயா அந்தக் கோடிக்குப் போகும்வரை பொறுத்திருந்து மகள் ஆரம்பித்தாள்.

“ஏம்மா, அண்ணன் டி.வி.யைத் தூக்கிப் போட்டு உடைச்சப்ப என்ன சொன்ன?”

“இப்ப எதுக்குடி அது?”

“அப்பன் ரத்தம் அவனை ஆட்டுது, பாவம் அவன் என்ன பண்ணுவான்னு சொன்ன. அடி தாங்காம அண்ணி பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போனப்பவும் அதையேதான் சொன்ன. அண்ணிக்குத்தான் பொறுமை இல்லன்னு தீர்ப்பு வேற.”

அம்மா புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

“நான் டாக்டரைப் பாத்து மாத்திரை வாங்கிட்டு வந்தப்ப என்ன பண்ணின? அத்தனையையும் பிரிச்சு சிங்க்ல கொட்டின. பொம்பளைக்கு என்னடி மனச்சோர்வு, நாலு பாத்திரம் தேச்சா பறந்து போயிடும்னு சொன்ன. தேச்சேம்மா. அழுதுக்கிட்டே தேச்சேன். அவன் உடைச்சா மண்குடம், நான் உடைச்சா பொன்குடமா? எனக்கும் அவர்தானே அப்பா?”

“மெதுவா பேசு.”

“இவ்வளவு நாள் மெதுவாத்தான் பேசினேன். அவன் பண்ணின அக்கிரமம் அத்தனையையும் ரத்தத்து மேல போட்ட. அந்த ரத்தத்தைச் சோதிச்சுப் பாக்கறோம்னு சொன்னா மட்டும் ஏன் கதவைச் சாத்துற? மகன்கிட்ட இருந்தா அனுதாபம், மகள்கிட்டயும் இருக்குன்னு தெரிஞ்சா அவமானமா?”

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது மகளின் ஆத்திரத்தில் எண்ணெய் வார்த்தது. விறுவிறுவென்று ரத்தம் எடுக்கும் அறையை நோக்கி நடந்தாள். போகும்போதே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

கதவைத் தொடும்போது அம்மாவின் கை வந்து மணிக்கட்டைப் பிடித்தது. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

“வேணாம்டி. உன் ரத்தத்தையும் அவன் ரத்தத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா தெரிஞ்சிடும்.”

“நல்லாத் தெரியட்டும். எனக்கும் சீக்குதான்னு ஊருக்கே தெரியட்டும்.”

“அது இல்லடி.”

அம்மா அங்கே கிடந்த பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. அம்மா இப்படிப் பயந்து மகள் பார்த்ததே இல்லை. கோபம் குறையாமலே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“உங்கண்ணனைச் சின்னதுல பாக்கறவங்க எல்லாம், பிள்ளை யார் ஜாடைன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க,” என்றாள் அம்மா. “ஒவ்வொரு தடவையும் நான் பேச்சை மாத்திடுவேன். முதல் தடவை அவன் குடிச்சுட்டுத் தள்ளாடிக்கிட்டு வந்து நின்னப்ப, அப்பனை உரிச்சு வச்சிருக்கான்னு எல்லாரும் சொன்னாங்க. அன்னிக்குத்தான் எனக்கு நிம்மதியா மூச்சு வந்துச்சு. அந்தப் பேச்சையே கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன்.”

“என்னம்மா சொல்ற?”

அம்மா நடைபாதையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு மகளின் மடித்துவிட்ட சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டபடி சொன்னாள்.

“அவனைப் பச்சைக் குழந்தையா வேற இடத்துல இருந்து தூக்கிட்டு வந்தோம். உங்கப்பாவுக்குப் பொறந்தது நீ ஒருத்திதான்.”