யார் சொல்லிக் கொடுத்தது

ஒரு பிடி செம்மண்ணை எடுத்து மதலைமுத்துவின் கையில் வைத்து, இதற்கு இன்றைக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார் ஸ்கூல் இன்ஸ்பெக்டர்.

பையன் கையை இறுக மூடித் திறந்தான். மண் உருண்டையாக நின்றது. கட்டைவிரலால் லேசாகத் தொட்டான். உதிர்ந்தது.

"ஹதமா இருக்கு சார். தண்ணி நாளைக்குப் போதும்."

பதம் என்பதைத்தான் அப்படிச் சொன்னான். தமிழ்ப் பள்ளிப் பையன் வாயில் கன்னடக் குடியானவன் பேச்சு வந்தது இன்ஸ்பெக்டருக்குப் பிடித்துவிட்டது. சிரித்துக்கொண்டே நோட்டில் எதையோ எழுதினார்.

பத்தடி தள்ளி, குழாயடியில் பூவாளியைக் கழுவுவதுபோல் குனிந்திருந்த வெங்கடசாமிக்குத் திக்கென்றது. அது அவருடைய சொல். எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்காது.

வெங்கடசாமி அந்தப் பள்ளிக்கூடத்து மாலி, தோட்டக்காரர். பதினோரு வருடமாக அங்கேதான் வேலை.

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பின்னால் இருந்த அந்தப் பள்ளியில் அப்போது, 1957இல், ஐந்தாம் வகுப்புவரைதான் இருந்தது. ஆறாம் வகுப்பு கேட்டு மூன்று வருடமாக எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்து முடித்த பையன்கள் சிவாஜிநகர்வரை நடந்துபோய்ப் படித்தார்கள். பெண்களை அவ்வளவு தூரம் யாரும் அனுப்பவில்லை.

புதிதாக வந்திருக்கிற இன்ஸ்பெக்டருக்குப் பிள்ளைகள் தங்கள் கையால் செய்கிற வேலையில்தான் நம்பிக்கை என்று ஹெட்மாஸ்டர் சீனிவாசராகவன் காதில் விழுந்திருந்தது. வேறு எங்கேயோ, மாலி போட்ட தோட்டத்துக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்திக் காட்டினார்களாம். கடுமையாக எழுதிவிட்டுப் போனாராம்.

அதனால் முந்தின நாளே வெங்கடசாமியைக் கூப்பிட்டு, நாளைக்குப் பாத்திப் பக்கம் வரவேண்டாம் என்றார். யார் கேட்டாலும் தாங்களே கற்றுக்கொண்டதாகப் பிள்ளைகள் சொல்லட்டும் என்றார். வெங்கடசாமி மறுபேச்சுப் பேசவில்லை. பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, அந்தப் பதிலையும் அவரே சொல்லிக்கொடுத்தார்.

தோட்டத்தைப் பொறுத்தவரை அதில் பாதிக்குமேல் உண்மைதான். ஆயுதபூஜை லீவு முடிந்ததிலிருந்து மண்ணைக் கொத்தியது, எருவைக் கலந்தது, வரப்பு கட்டியது எல்லாம் பிள்ளைகள். அவர் களைக்கொத்தியைத் தொடவே இல்லை. பக்கத்தில் நின்று சொன்னதோடு சரி.

இன்ஸ்பெக்டர் நாற்றங்காலைக் காட்டி, யாராவது ஒரு கத்தரி நாற்றை எடுத்து நட்டுக் காட்டுங்கள் என்றார்.

ஐந்தாம் வகுப்புப் படிக்கிற சரசு என்கிற பெண் முன்னால் வந்தாள்.

நாற்றங்காலில் தண்ணீர் தெளித்து, மண் ஊறுகிறவரை காத்திருந்தாள். களைக்கொத்தியை ஆழமாக இறக்கி, வேரில் ஒட்டிய மண் சிதறாமல் நாற்றைத் தூக்கினாள். தண்டைப் பிடிக்கவில்லை, இலையைப் பிடித்துக்கொண்டாள். குழியில் வைத்து, சுற்றிலும் விரல் முட்டியால் அழுத்தினாள். தண்ணீரை நேராக ஊற்றாமல், உள்ளங்கையில் விழவைத்து விரலிடுக்கு வழியாக வடியவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார்.

"இதெல்லாம் யாரும்மா சொல்லிக்குடுத்தது?"

சரசு குழாயடிப் பக்கம் பார்த்தாள். வெங்கடசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டார்.

"யாரும் இல்ல சார். நாங்களே செஞ்சு செஞ்சு கத்துக்கிட்டோம்."

இன்ஸ்பெக்டர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். ஜூன் மாதத்திலிருந்து ஆறாம் வகுப்பு நடக்கட்டும், தான் எழுதிவிடுவதாகச் சொன்னார். சீனிவாசராகவன் கைகூப்பினார். வெங்கடசாமி நிமிர்ந்து, வழிந்துகொண்டிருந்த குழாயை மூடினார். காலையிலிருந்து அப்போதுதான் நன்றாக மூச்சு விட்டார்.

நோட்டை மூடப் போன இன்ஸ்பெக்டர் மறுபடி திறந்தார்.

பிள்ளைகளே இவ்வளவு செய்யும்போது இந்தப் பள்ளிக்கு மாலி எதற்கு என்றார். யாரிடமும் பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை. மாத முடிவோடு அந்த வேலையை எடுத்துவிடலாம் என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார்.

சீனிவாசராகவன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உண்மையைச் சொன்னால் ஒரு சின்னப் பெண்ணைப் பொய்க்காரி ஆக்கவேண்டும். கிடைத்த ஆறாம் வகுப்பும் கைவிட்டுப் போகும். இன்ஸ்பெக்டருடன் வாசலுக்கு நடந்தார். குழாயடிப் பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

இன்ஸ்பெக்டர் ஏறிய ஜட்கா வண்டி கிளம்பியதும் பிள்ளைகள் கை கழுவ வரிசையில் வந்தார்கள். வெங்கடசாமி ஒவ்வொருவர் கைக்கும் பூவாளியால் தண்ணீர் ஊற்றினார். நான் சொன்னது சரிதானே என்று மதலைமுத்து கேட்டான். ரொம்பச் சரி என்றார் அவர்.

சரசு கடைசியாக வந்தாள். கையை நீட்டாமல் நின்றாள்.

"அப்பா, ஓடிப்போய் நெசத்தச் சொல்லிடட்டா? ஜட்கா இன்னும் கோயில் தெருவுலதான் போவுது."

வெங்கடசாமி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கைமேல் தண்ணீரைச் சாய்த்தார்.

"நகத்துல மண்ணு இருக்குது பாரு. நல்லா தேய்ச்சுக் கழுவு."