அன்பளிப்புப் பிரதி

"கடைசி இதழுக்குமா ஓசிப் பிரதி, அண்ணே?" என்று கேட்டாள் ஷர்மினி.

இதழை நடத்தும் யுகேந்திரன் அட்டையில் 'அன்பளிப்பு' என்ற சிவப்பு முத்திரையைக் குத்தினார். மாதாமாதம் ஒரே ஒரு பிரதிக்குத்தான் அந்த முத்திரை. வாசகர் சங்கத் தலைவர் சிதம்பரநாதனுக்கு.

பினாங்கு ஃபேரிப் படகில் துப்பறியும் சிறுமி பொன்னியின் சித்திரக்கதை அது. தொடங்கிய புதிதில், தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கினார்கள். பிறகு யாரோ பக்கம் பக்கமாகப் படமெடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட ஆரம்பித்தார்கள். விற்பனை படுத்தது.

இன்று பினாங்கு ஸ்திரீட் மாடி அலுவலகத்தைக் காலி செய்கிறார்கள். பொன்னியை வரைந்த ஷர்மினிக்குத் திங்கட்கிழமை முதல் அக்கரையில், பிறை ஊரில் தொழிற்சாலை வேலை.

"போடறது யாருன்னு நீங்க தேடவே இல்ல. தேடியிருந்தா பொன்னி பிழைச்சிருப்பா."

"விடும்மா."

சிதம்பரநாதன் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். யுகேந்திரனுக்குப் பொன்னாடை போர்த்தினார். புகைப்படத்துக்கு நின்றார்கள்.

"நம்ம ஜனங்க காசு கொடுத்துத் தமிழ்ப் புத்தகம் வாங்க மாட்டாங்க லா. எல்லாம் ஓசியில வேணும். வெட்கமா இருக்கு, தம்பி."

"ஆமா, தலைவரே." யுகேந்திரன் இரு கைகளாலும் பிரதியைக் கொடுத்தார்.

பெட்டிகளை லோரியில் ஏற்றி முடிக்குமுன் ஷர்மினியின் கைப்பேசி சிணுங்கியது. குரூப்பில் புதுப் பொன்னி. ஆத்திரத்தில் அவள் அந்தப் படங்களை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. கடைசிப் பொன்னி ஆயிற்றே, திறந்தாள்.

பொன்னியின் தலைக்கு மேல் சிவப்பு முத்திரை.

"அண்ணே, இது தலைவருக்குக் கொடுத்த..."

"தெரியும். முதல்லேருந்தே தெரியும்."

"தெரிஞ்சேவா மாசாமாசம் கொடுத்தீங்க? என் வேலை போச்சு, அண்ணே."

யுகேந்திரன் பொன்னாடையை மடித்துக்கொண்டே பெட்டி மேல் உட்கார்ந்தார்.

"சிம்பாங் அம்பாட் பக்கம் நம்ம புத்தகம் விக்கிற கடை ஏதும்மா? அங்கே பிள்ளைங்க அந்த குரூப்லதான் படிக்குதுங்க. போன வருஷம் தலைவர் இந்தியா போயிட்டாரு. 'பொன்னி எங்கே, பொன்னி எங்கே'ன்னு ஒரே வாய்ஸ் மெசேஜ்."

"அப்புறம்?"

"அந்த மாசம் நான்தான் போட்டேன்."