வளைவாசலில் ரசிகர்கள்

அலைக்கு ஏற்றபடி கொடுக்கைத் தட்டித் துள்ளல் பாட்டுப் பாடிய வரைக்கும் கொடுக்கன் நண்டைக் கடற்கரையே கொண்டாடியது. அப்புறம் நுரை உடைகிற சத்தத்தை வைத்து ஒரு பாட்டுக் கட்டினான் பாருங்கள், பாதியிலேயே ரசிகர்கள் மணலைத் தள்ளி அவன் வளையை மூடிவிட்டார்கள்.

இன்று மறுபடியும் வாசலில் காலடிச் சத்தம். கொடுக்கன் வளையின் அடிக்குப் போய்ப் பதுங்கினான்.

“அண்ணே, அந்த நுரைப்பாட்டுதாண்ணே பாட்டு! எங்களுக்குத்தான் அப்போ புரியல,” என்று செங்காலன் நண்டு கெஞ்சினான். “பாடுங்கண்ணே!”

கொடுக்கனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெளியே வந்தான்.

“அதைவிட ஒண்ணு புதுசா வச்சிருக்கேன், கேளுங்க!”

கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தான்.

“நுரைப்பாட்டு மாதிரி இல்லியே...” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

கொடுக்கன் கண்ணைத் திறந்தான். செங்காலனின் கால் அதுபாட்டுக்கு வளைப்பக்கம் மணலைத் தள்ளிக்கொண்டிருந்தது.