இத்தாலி லேபிள்

"ஒரு லேபிள் வச்சுத் தைக்கிறதுல உங்களுக்கு என்ன அண்ணாச்சி கஷ்டம்?" என்றாள் ஜோஸ்பின்.

"கஷ்டம் ஒண்ணுமில்ல மேடம். தைக்க மாட்டேன், அவ்வளவுதான்."

காளிராஜ் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மும்பை தாராவியில் நைன்டி ஃபீட் ரோட்டுக்குப் பின்னால் சந்துக்குள் இருபது வருடமாகப் பை தைக்கிறவர். காலடியில் அறுபது, எழுபது கைப்பைகள் குவிந்து கிடந்தன. அத்தனையிலும் பாரீஸ் லேபிள். அத்தனையும் நேற்று இங்கே தைத்தவை.

"இதுக்கெல்லாம் வைக்கிறீங்கள்ல?"

"அது வேற."

"டூப்ளிகேட்டுல என்ன நல்ல டூப்ளிகேட், கெட்ட டூப்ளிகேட்?"

"எனக்கு எதுக்கு மேடம் போலீஸ் வம்பு? விடுங்க."

பைகளைத் தேடி வராத போலீஸ் இதைத் தேடி மட்டும் வருமா! ஜோஸ்பினுக்கு எரிச்சலாக வந்தது.

அவள் செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். வீடு கோவண்டியில். மூன்று வருடம் முன்பு மால்வண் டூரில் கடலுக்கடியில் ஒருமுறை இறங்கிப் பார்த்தவள், பைத்தியமாகிவிட்டாள். ஸ்கூபா கற்றுச் சர்ட்டிஃபிகேட்டும் வாங்கினாள். அடுத்த வருடமே முதுகில் ஆபரேஷன்.

"தண்ணியில இறங்கலாம். முதுகுல வெயிட் மட்டும் கூடாது" என்றார் டாக்டர்.

காற்றுச் சிலிண்டரை முதுகில்தானே கட்ட வேண்டும்? எல்லாம் முடிந்தது என்று அழுதாள். அப்போது கோச் அனந்த் சொன்னதுதான் சைட்மவுண்ட். முதுகு காலி. தண்ணீரில் இறங்கிய பிறகு, விலாவை ஒட்டிப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிலிண்டர் மாட்டிக்கொள்வது.

அதற்குத் தோளையும் இடுப்பையும் சுற்றிக் கட்டும் பட்டை வேண்டும். ஹார்னஸ் என்பார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அவளுடைய இரண்டு மாதச் சம்பளம்.

மூச்சு விடும் கருவியை வாடகைக்குப் பேசினாள். மிதக்க வைக்கும் காற்றுப் பையைப் புனேயில் ஒருவரிடம் பழசாக வாங்கினாள். ஹார்னஸ் ஒன்றை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துக் காளிராஜ் முன்னால் வைத்தாள். "இதே மாதிரி ஒண்ணு, அண்ணாச்சி."

அளவெடுத்துக்கொண்டு மூன்று வாரம் இழுத்தடித்தார். ஒருநாள், "நூல் சரியில்ல." இன்னொருநாள், "பட்டை நனைஞ்சா இழுக்கு மேடம், உப்புத் தண்ணியில நாலு நாள் கெடக்கட்டும்." தைத்து முடித்ததை ஒருமுறை அவள் கண்ணெதிரே பிரித்துப் போட்டார். அதிகக் காசு பிடுங்கப் பார்க்கிறார் என்று நினைத்தாள்.

இன்று ஒருவழியாக முடிந்தது. லேபிள்தான் பாக்கி.

"சனிக்கிழமை காலையில டெஸ்ட், அண்ணாச்சி. 'லோக்கல் சரக்கை மாட்டிக்கிட்டு என் நீச்சல் குளத்துல யாரும் இறங்கக்கூடாது'ன்னு போன மாசம் ஒருத்தரைத் திருப்பி அனுப்பிட்டார் கோச். இது பாஸானாத்தான் நான் மறுபடி கடலுக்குப் போக முடியும்."

"வேற எதுன்னாலும் சொல்லுங்க, செஞ்சு தாரேன்."

ஜோஸ்பின் ஹார்னஸை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினாள். அடுத்த சந்தில் பத்து ரூபாய்க்கு இத்தாலிக் கம்பெனி லேபிள் கிடைத்தது. சண்டே ஸ்கூலில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை நடத்துகிறவள், அன்று வீட்டில் உட்கார்ந்து தன் கையாலேயே அதைத் தைத்தாள்.

சனிக்கிழமை. நெருள் நீச்சல் குளம்.

அனந்த் ஹார்னஸைக் கம்பியில் தொங்கவிட்டார். இரண்டு பக்கமும் சிலிண்டரை மாட்டினார். அப்புறம் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கினார். ஒரு தையல் அசையவில்லை.

"எங்க வாங்கினேள்?"

"ஆன்லைன்ல சார். இத்தாலி."

"அப்படியா? இத்தாலிக்காரன் இவ்வளவு நெருக்கமாத் தைக்க மாட்டானே!"

இடுப்புப் பட்டையை உட்புறம் திருப்பினார். அங்கே விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புத் துணி. வெள்ளை நூலால் எழுத்துகள். ஜோஸ்பின் அதுவரை அதைப் பார்த்ததே இல்லை.

"என்ன இது? நம்பர் தெரியறது. தமிழ் எனக்குப் படிக்க வராது. நீங்க படிங்கோ."

அவள் மெதுவாகப் படித்தாள்.

"காளிராஜ், தாராவி. அறுந்தால் என்னைக் கேளு."

அனந்த் அந்தத் துணியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்து நீட்டினார்.

"அந்த இத்தாலியை வெட்டி எறிஞ்சுட்டு இறங்குங்கோ."

"சார்... லோக்கல் சரக்கு கூடாதுன்னு..."

"யார் தச்சான்னு தெரியாத சரக்கைத்தான் நான் லோக்கல்னு சொல்றது. இவன் பேர் போட்டிருக்கானே!"

அவள் தலையைக் குனிந்துகொண்டு லேபிளை வெட்டினாள். அனந்த் அதற்குள் அந்த நம்பரை அழுத்தியிருந்தார். "இதே மாதிரி நாலு வேணும். என்ன சொல்றார், கேக்கலாம்" என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ, காளிராஜா? நெருள் நீச்சல் குளத்துலேர்ந்து பேசறேன். நீங்க தச்ச ஹார்னஸ்..."

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் சட்டென்று நின்றது.

"சார்... தங்கச்சி நல்லபடியா மேல வந்துட்டாளா சார்?"