மாமி வந்த வழக்கு

பெருநாள் சேலையை உடுத்திக்கொண்டு, நீதிமன்ற வாங்கில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார் மாமி ஹவ்வா உம்மா. அவரைக் கண்டதும் மருமகள் இர்ஷானா வாசலிலேயே நின்றுவிட்டாள். மகனுக்காகப் பேசத்தான் வந்திருக்கிறார், வேறென்ன?

அடிக்கிற கணவன் இஷாம் அவளுடைய வீட்டுப் பக்கமே வரக்கூடாது என்று நீதவான் கொடுத்த இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளைக்கு இன்றோடு இரண்டு வாரம். அதை ஒரு வருடத்துக்கு நீட்டாவிட்டால் அவன் மாலையே கேற்றைத் திறந்துகொண்டு வந்துவிடுவான்.

ஏறாவூரில் கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டில்தான் குடியிருப்பான். மகன் திரும்பி வந்து தன் வீட்டில் படுத்துக் கிடப்பது ஹவ்வா உம்மாவுக்கு மானப் பிரச்சினை. "கலியாணம் முடிச்ச ஆம்புளைக்கு உம்மாட ஊட்டுல என்ன வேல?" என்று அவர் போய்ச் சொல்லாத வேலி அந்த ஒழுங்கையில் பாக்கியில்லை.

பெரியவர் என்ற மரியாதைக்கு இர்ஷானா ஒரு கோப்பை பிளேன்ரீ வாங்கிப்போய் நீட்டினாள். பிள்ளைகள் இடக்கையால் எதையும் வாங்கினால் தட்டிவிடுகிற மாமி, வலக்கையை முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டு இடக்கையால் வாங்கினார். முகத்தையும் திருப்பிக்கொண்டார். இவ்வளவு இளக்காரமா என்று இர்ஷானாவுக்கு நெஞ்சு எரிந்தது.

"மாமி வாயத் திறந்தா என்ட கேஸ் போச்சு மிஸ்," என்றாள் தன் சட்டத்தரணி பேர்னிஸிடம். மாமிமாரைத் தடுக்க இன்னும் சட்டம் வரவில்லை என்று பேர்னிஸ் சிரித்தார்.

வழக்கைக் கூப்பிட்டதும் இஷாம் வெள்ளைச் சட்டையில் பரம சாதுவாக வந்து நின்றான். உம்மாவைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. அவன் திருந்திவிட்டான், மனைவி வீட்டுக்குப் போக விடுங்கள் என்று அவனுடைய சட்டத்தரணி கேட்டு முடிப்பதற்குள், கூப்பிடாமலே எழுந்து முன்னால் போனார் ஹவ்வா உம்மா.

இர்ஷானா கண்களை மூடிக்கொண்டாள்.

மகன் இனியும் உங்கள் வீட்டில் இருப்பது கஷ்டம், அதைச் சொல்லத்தானே வந்தீர்கள் என்று நீதவான் பொறுமையாகக் கேட்டார்.

"ஓம் ஐயா."

"அப்ப, மனைவிட வீட்டுக்கு அனுப்பச் சொல்றீங்களா?"

"வேணா ஐயா." அவர் முக்காட்டை விலக்கி, வீங்கிக் கட்டுப்போட்டிருந்த வலக்கையைக் காட்டினார். "அந்தப் புள்ளைக்குக் குடுத்த கடதாசியில எனக்கும் ஒண்டு தாங்க."